டெமியன் மாயா: தெரிந்தும் மாட்டவைத்தவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யார் இந்த டெமியன் மாயா? சாம்பியனே ஆகாத ஒருவரைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்?

பிரேசிலின் சாவ் பாவ்லோ ஊர்க்காரர். பிறந்தது 1977 நவம்பர் 6. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் கறுப்பு பெல்ட். எம்எம்ஏ எனப்படும் கலப்புச் சண்டையில் 28 வெற்றி, 11 தோல்வி. வெற்றிகளில் 22 அந்தச் சண்டையின் மிகப் பெரிய அமைப்பான யூஎஃப்சியில் கிடைத்தவை. இரண்டு எடைப் பிரிவுகளில் பட்டத்துக்கு மோதி இரண்டிலும் தோற்றார்.

பிறகு ஏன் பேச்சு என்றால், மாயா என்ன செய்யப்போகிறார் என்பது மணி அடிப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். எதிராளிக்குத் தெரியும், எதிராளியின் கோச்சுக்குத் தெரியும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். காலைப் பிடிப்பார், கீழே தள்ளுவார், முதுகில் ஏறுவார், கழுத்தைச் சுற்றுவார். அவ்வளவுதான். தெரிந்தும் மாட்டிக்கொண்டார்கள், அதுவும் உலகத் தரவரிசையில் இருந்தவர்கள். அதனால்தான் பேச்சு.

ஜியு-ஜிட்சு ஜப்பான் கலை ஆயிற்றே, பிரேசில் எங்கே வந்தது?

மிட்சுயோ மயேடா என்ற ஜூடோ வீரர் 1914-ல் பிரேசில் போனார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேஸியும் அவர் குடும்பமும் அதைத் தரைச்சண்டையாக வளர்த்தெடுத்தார்கள். தூக்கி எறிவதைவிட, கீழே விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. 1993-ல் முதல் யூஎஃப்சி போட்டியில் ஒல்லியான ராய்ஸ் கிரேஸி தன்னைவிடப் பெரிய ஆட்களைப் பிடி போட்டு (தோற்றேன் என்று கையால் தட்டும்வரை நெருக்கி) ஜெயித்ததும் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது.

ஆனால் மாயா யூஎஃப்சிக்கு வந்த 2007-ல் நிலைமை வேறு. எல்லோரும் கொஞ்சம் ஜியு-ஜிட்சு கற்றுக்கொண்டு விட்டார்கள். வெறும் பிடியை நம்பி வந்தால் வேலைக்கு ஆகாது என்பதுதான் அன்றைய பொதுப் பேச்சு.

சின்ன வயதிலேயே ஜியு-ஜிட்சு ஆரம்பித்தவரா?

இல்லை. 4 வயதில் ஜூடோ, அப்புறம் குங்ஃபூ, கராத்தே என்று சுற்றிவிட்டு, ஜியு-ஜிட்சுவுக்கு வந்தது 19 வயதில்தான். இந்தத் துறையில் அது ரொம்பத் தாமதம். ஆனால் ஃபாபியோ குர்ஜெல் என்ற பெரிய ஆசிரியரிடம் சேர்ந்து 4 வருடம் 7 மாதத்தில் கறுப்பு பெல்ட் வாங்கிவிட்டார். சாதாரணமாக ஒருவருக்கு 10 வருடம் பிடிக்கிற வேலை. இடையில் பத்திரிகைத் துறையில் பட்டமும் வாங்கியிருக்கிறார். பேட்டிகளில் நிதானமாக, வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்திப் பேசுவதைக் கேட்டால் அந்தப் படிப்பு வீண்போகவில்லை என்று தோன்றும்.

ஏடிசிசி என்கிறார்களே, அது என்ன? அதில் என்ன சாதித்தார்?

அபுதாபியில் 1998-ல் தொடங்கிய பிடிச்சண்டைப் போட்டி. ஜியு-ஜிட்சுவின் தடித்த சட்டை கிடையாது, குத்து உதை கிடையாது. ஜியு-ஜிட்சு, மல்யுத்தம், ஜூடோ என்று எல்லாக் கலைக்காரர்களும் வருவார்கள். பிடிச்சண்டை உலகில் அதைவிடப் பெரிய மேடை இல்லை என்றே சொல்லலாம். 88 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் 2005-ல் மாயா இரண்டாவது இடம். இறுதியில் சக நாட்டுக்காரர் ஜகரே சோசாவிடம் தோற்றார். 2007-ல் அதே பிரிவில் தங்கம். அந்த வருடக் கடைசியிலேயே யூஎஃப்சிக்கு வந்துவிட்டார்.

யூஎஃப்சியில் ஆரம்பம் எப்படி?

எடுத்த எடுப்பிலேயே ஐந்து சண்டை, ஐந்தும் பிடி போட்டு முடித்தவை. ரயன் ஜென்சன், எட் ஹெர்மன், ஜேசன் மெக்டொனால்ட், நேட் குவாரி, சேல் சோனன். முந்தைய ஆறு வெற்றிகளையும் சேர்த்தால் தோல்வியே காணாமல் 11.

இதில் 2009 பிப்ரவரியில் லண்டனில் நடந்த சோனன் சண்டையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சோனன் நல்ல மல்யுத்த வீரர். அவரைக் கீழே தள்ளுவதே கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, நின்றபடி கட்டிப்பிடித்த மாயா பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே அவரைத் தூக்கிப் போட்டார். விழுந்தபோதே மாயா மேலே. அங்கிருந்து இரண்டு கால்களையும் கழுத்தைச் சுற்றி முக்கோணமாகப் பூட்டி முடித்தார். முதல் சுற்றில் 2 நிமிடம் 37 நொடி. மல்யுத்தக்காரரை மல்யுத்த எறிவிலேயே வீழ்த்தியதுதான் அதில் ருசி.

அப்புறம் என்ன ஆயிற்று? 21 நொடியில் விழுந்தார் என்கிறார்களே?

உண்மைதான். 2009 ஆகஸ்ட், போர்ட்லண்ட். நேட் மார்க்வார்டுக்கு எதிராகத் தூரத்திலிருந்து ஒரு உதையை விட்டார். கால் தரைக்குத் திரும்பும் முன்பே மார்க்வார்டின் வலது கைக் குத்து தாடையில் இறங்கிவிட்டது. 21 நொடி. முதல் தோல்வி.

என் கணிப்பில் மாயாவின் வாழ்க்கையில் மிக அதிகச் செலவு வைத்த 21 நொடி அதுதான். விழுந்த சண்டையால் அல்ல, அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடத்தால். குத்துச்சண்டை போதாது என்று முடிவுசெய்து அதில் இறங்கினார். கற்றுக்கொண்டதில் தப்பில்லை. ஆனால் சண்டையையும் அதையே நம்பி ஆட ஆரம்பித்தார். அடுத்த இரண்டரை வருடங்கள் வென்றதெல்லாம் நடுவர் தீர்ப்பில். ஒரு பிடிகூட விழவில்லை.

அபுதாபியில் ஆண்டர்சன் சில்வாவுடன் நடந்தது என்ன?

2010 ஏப்ரல் 10. யூஎஃப்சி அபுதாபியில் நடத்திய முதல் நிகழ்ச்சி, திறந்தவெளி அரங்கம். அப்போதைய சாம்பியன் சில்வாவோடு மோதவேண்டிய விட்டோர் பெல்ஃபோர்ட் காயத்தால் விலக, மாயாவுக்கு மிடில்வெயிட் (84 கிலோ) பட்டச் சண்டை கிடைத்தது.

முதல் இரண்டு சுற்றுகளில் சில்வா அவரை வெளுத்து வாங்கினார். மூன்றாவதிலிருந்து அடிப்பதையும் நிறுத்திவிட்டார். சுற்றிச் சுற்றி நடந்தார், கைகளைத் தொங்கவிட்டார், கிண்டல் செய்தார். வீங்கிய முகத்தோடு மாயாதான் கடைசிவரை துரத்திக்கொண்டிருந்தார். கூட்டம் கடைசியில் மாயா பெயரைச் சொல்லிக் கத்தியது. யூஎஃப்சி தலைவர் டேனா ஒயிட் வெறுத்துப்போய், சாம்பியன் பெல்ட்டை சில்வாவின் மேனேஜர் கையில் திணித்துவிட்டுச் சண்டை முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். ஐந்து சுற்றும் போய் ஒருமனதாக சில்வா வென்றார்.

பிடிச்சண்டையில் உலகப் பட்டம் வாங்கித் தந்த அதே அபுதாபி போட்டியின் சொந்த ஊரில், ஒரு பிடிகூட நிலைக்காமல் இரவு கழிந்தது.

84 கிலோவிலிருந்து 77 கிலோவுக்கு ஏன் இறங்கினார்?

2012 ஜனவரியில் கிறிஸ் வைட்மனிடம் தோற்றார். 11 நாள் அவகாசத்தில் ஒத்துக்கொண்டு வந்த வைட்மனும் களைத்து, மாயாவும் களைத்து, பார்த்தவர்களும் களைத்த சண்டை அது. மிடில்வெயிட்டில் மற்றவர்கள் அவரைவிட உருவத்தில் பெரியவர்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது. வெல்டர்வெயிட்டுக்கு இறங்கினார். உடம்போடு சேர்ந்து மனசும் மாறியது. குத்துச்சண்டைக் கனவை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பழைய தொழிலுக்கே திரும்பினார்.

அந்த எடையில் இரண்டாவது சண்டை ரியோவில், 2012 அக்டோபரில், ரிக் ஸ்டோரியோடு. முதுகில் ஏறிய மாயாவின் கை கழுத்துக்குக் கீழே நுழையவில்லை, ஸ்டோரி தாடையைத் தாழ்த்தி மறைத்துக்கொண்டார். சரி, தாடையே போதும் என்று முகத்தின் குறுக்கே கையைப் போட்டு நெருக்கினார். ஸ்டோரியின் மூக்கிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடித்தது. தட்டிவிட்டார். நாலு மாதம் கழித்து ஜான் ஃபிட்ச். மற்றவர்களை மூன்று சுற்றும் அமுக்கி வைத்தே பேர்வாங்கிய அவரை, மூன்று சுற்றும் மாயா அமுக்கி வைத்தார்.

சரி, அந்தப் பிடிகளை அப்படி என்ன விசேஷமாகச் செய்வார்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

எல்லாம் எதிராளியின் ஒரு காலில் ஆரம்பிக்கும். கபடி பார்த்தவர்களுக்குக் கணுக்கால் பிடி தெரியும்; பாய்ந்து ஒரு காலை அணைத்துவிட்டால் பாடிவந்தவர் நிலைகுலைவார். மாயாவும் தாழ்ந்து பாய்ந்து எதிராளியின் ஒரு காலை இரண்டு கையாலும் அணைப்பார். மற்ற வீரர்கள் இதைச் செய்து எதிராளி விழவில்லை என்றால், விட்டுவிட்டு எழுந்து மறுபடி முயற்சி செய்வார்கள். மாயாவின் வித்தை அங்கேதான். எதிராளி கால்களைப் பின்னே தள்ளி இடுப்பைக் கனமாக இறக்கித் தடுத்தால், இவர் பிடித்த காலை விடாமல் தானே கீழே படுத்துவிடுவார். பிடித்த அந்தக் கால் இப்போது இவருடைய இரண்டு கால்களுக்கு நடுவில். இதை ‘ஹாஃப் கார்ட்’ என்பார்கள். பார்ப்பவருக்கு மாயா கீழே மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். மாட்டியவர் மேலே இருப்பவர்.

மேலே இருப்பவருக்கு இரண்டே வழி. அப்படியே உட்கார்ந்தால், ஏடிசிசி தங்கம் வாங்கியவரோடு தரையில் மல்லுக்கட்ட வேண்டும். அதற்குப் பயந்து எழுந்து நின்றால், காலைக் கட்டியபடியே மாயாவும் கூட எழுவார். இந்த முறை அவர் எதிராளியின் இடுப்புக்குப் பக்கத்தில், பின்பக்கமாக. இடுப்பைச் சுற்றிக் கை கோத்து மறுபடி தரைக்குக் கொண்டுவருவார். கையை ஊன்றி எழ முயலும்போது எதிராளியின் முதுகு தானாகத் திரும்பும். ஒரு குதிகால் தொடைக்கு உள்ளே நுழையும், அடுத்து இன்னொன்று. பிறகு கால்களை வயிற்றைச் சுற்றி 4 என்ற எண் மாதிரி மடித்துப் பூட்டுவார். அதற்கப்புறம் எழுந்து நின்றாலும் முதுகில் ஒரு 77 கிலோ மூட்டையோடுதான் நிற்க வேண்டும்.

கடைசியில் நடப்பது முழுக்கக் கைச் சண்டை. ஒரு கை கழுத்துக்குக் கீழே போகத் துடிக்கும், எதிராளி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். மாயாவின் மறு கை அந்தப் பிடியை விரல் விரலாகப் பிரிக்கும். அவசரமே இருக்காது. முன்கை தொண்டைக்குக் கீழே நுழைந்து மறு கையின் மேல்கையைப் பற்றிவிட்டால், கழுத்தின் இரு பக்க ரத்த ஓட்டமும் அடைபடும். சில நொடிகளில் தட்ட வேண்டும், இல்லையென்றால் மயக்கம். யூஎஃப்சியில் மாயா பிடி போட்டு வென்றது 11 முறை. அதில் 8 இந்தப் பின்கழுத்துப் பிடி.

அவருடைய உச்சகாலம் எது?

2014 மே முதல் 2017 மே வரை. வயது 36-லிருந்து 39. தொடர்ந்து ஏழு வெற்றி: யாகவ்லேவ், லஃப்ளேர், நீல் மேக்னி, குன்னார் நெல்சன், மேட் பிரவுன், கார்லோஸ் காண்டிட், ஹோர்ஹே மஸ்விடால்.

குன்னார் நெல்சன் ஐஸ்லாந்துக்காரர், அவரும் ஜியு-ஜிட்சு கறுப்பு பெல்ட். 2015 டிசம்பரில் மூன்று சுற்றும் மாயா அவரை மாணவனை வைத்துப் பாடம் நடத்துகிற மாதிரி நடத்தினார். பாவம், அன்றைய இரவில்தான் நட்சத்திர வீரர் கானர் மெக்கிரெகர் 13 நொடியில் சாம்பியன் ஆல்டோவைச் சாய்த்தார். மறுநாள் இந்தப் பாடத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

காண்டிட் சண்டை 2016 ஆகஸ்ட், வான்கூவர். அதே வருட ஆரம்பத்தில் பட்டத்தை நூலிழையில் தவறவிட்ட ஆள் காண்டிட். காலைப் பிடித்தார், தள்ளினார், முதுகு, கழுத்து. 1 நிமிடம் 52 நொடி. மாயா முகத்தில் வியர்வைகூடச் சரியாக வரவில்லை.

உட்லியோடு நடந்த பட்டச் சண்டையில் ஏன் அந்தப் பிடி பலிக்கவில்லை?

2017 ஜூலை 29, அனாஹைம். மஸ்விடாலோடு மோதி 11 வாரம்தான் ஆகியிருந்தது. வெல்டர்வெயிட் சாம்பியன் டைரன் உட்லி கல்லூரி மல்யுத்தத்தில் ஊறியவர், குட்டையான, இறுகிய உடம்பு, இடுப்பு கனம். மாயா இருபதுக்கும் மேற்பட்ட முறை காலுக்குப் பாய்ந்தார். ஒருமுறைகூடத் தள்ள முடியவில்லை. உட்லி முதல் சுற்றிலேயே தோள்பட்டையைக் காயப்படுத்திக்கொண்டதால் அதிகம் அடிக்கவும் இல்லை. 25 நிமிடமும் ஒருவர் பாய, ஒருவர் தடுக்க என்றே போனது. அரங்கம் ஊளையிட்டது.

மேலே சொன்ன வித்தை எதிராளி ஒரு நொடியாவது தன்மேல் எடையைப் போடுவார் என்பதை நம்பி இருக்கிறது. உட்லி போடவே இல்லை. தடுத்த உடனே காலை உருவிக்கொண்டு விலகிவிட்டார். மேலே உட்கார்ந்து நாலு குத்து விடலாமே என்ற ஆசைக்குக்கூட இடம் கொடுக்கவில்லை. போரடித்ததுதான், ஆனால் மாயாவை இவ்வளவு சரியாகப் படித்துக்கொண்டு வந்தவர் யாரும் இல்லை. இதே வழியில்தான் அடுத்து கோல்பி கோவிங்டனும் கமாரு உஸ்மானும் வென்றார்கள். தொடர்ந்து மூன்று தோல்வி.

வேறு யார் யாரிடம் தோற்றார்?

11 தோல்விகளின் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். சில்வா, வைட்மன், உட்லி, உஸ்மான், பெலால் முகமது என்று ஐந்து பேர் யூஎஃப்சி சாம்பியன்கள் அல்லது பின்னால் ஆனவர்கள். கோவிங்டன் இடைக்காலப் பட்டம் வென்றவர். மீதிப் பேர் மார்க்வார்ட், மார்க் முனோஸ், ஜேக் ஷீல்ட்ஸ், ரோரி மெக்டொனால்ட், கில்பர்ட் பர்ன்ஸ். சப்பை ஆள் ஒருவரும் இல்லை. அதிலும் அடிபட்டுச் சண்டை நின்றது இரண்டே முறை, மார்க்வார்டிடமும் பர்ன்ஸிடமும்.

சிங்கப்பூரில் மோதினாரே, அது யாரோடு?

பென் ஆஸ்க்ரன். 2019 அக்டோபர் 26. மாயாவுக்கு 42 ஆக இன்னும் சில நாட்கள். ஆஸ்க்ரன் அமெரிக்காவுக்காக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் ஆடியவர். யூஎஃப்சிக்கு வருவதற்கு முன் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப்பில் பட்டம் வைத்திருந்தவர். உலகின் மிகச்சிறந்த மல்யுத்தக்காரரும் மிகச்சிறந்த ஜியு-ஜிட்சுக்காரரும் தரையில் புரண்டால் எப்படி இருக்கும் என்று ஏங்கியவர்களுக்கு இதுதான் விருந்து. முதலில் இருவரும் நின்று குத்திக்கொண்டார்கள் என்பது வேடிக்கை. மூன்றாவது சுற்றில் ஆஸ்க்ரன் மேலே வந்தார். மாயா கீழிருந்து புரட்டினார், முதுகுக்குப் போனார், கழுத்து கிடைத்தது. நடுவர் புகுந்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஆஸ்க்ரன் அடுத்த மாதமே ஓய்வு அறிவித்தார். மாயாவுக்கு அது பிடி போட்டு வென்ற கடைசிச் சண்டை, கடைசி வெற்றியும் அதுவே.

எப்போது நிறுத்தினார்?

2020 மார்ச் 14, பிரேசிலியா. கொரோனாவால் காலி அரங்கத்தில் யூஎஃப்சி நடத்திய முதல் நிகழ்ச்சி. கில்பர்ட் பர்ன்ஸின் முதுகு ஆரம்பத்திலேயே கிடைத்தது. ஆனால் பர்ன்ஸும் ஜியு-ஜிட்சு உலக சாம்பியன், நழுவிவிட்டார். எழுந்ததும் இடது கை வீச்சு ஒன்று, அதோடு முடிந்தது. பிறகு 2021 ஜூனில் 43 வயதில் பெலால் முகமதுவிடம் புள்ளிகளில் தோல்வி. ஒப்பந்தம் முடிந்தது, யூஎஃப்சி புதுப்பிக்கவில்லை.

எதிராளியை அடிக்காமலே ஜெயிப்பார் என்கிறார்களே?

அடிக்கவே மாட்டார் என்பது மிகை. மேலே உட்கார்ந்தால் குத்துவார், பிடிக்கு வழி திறக்க அது தேவை. ஆனால் ஆளைக் காயப்படுத்தாமல் ஜெயிக்கலாம் என்பதுதான் ஜியு-ஜிட்சுவின் அழகு என்று பலமுறை சொல்லியிருக்கிறார், நடந்தும் காட்டியிருக்கிறார். சண்டைக்கு முன் வசைபாடி டிக்கெட் விற்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. பட்ட வாய்ப்பு இவ்வளவு தாமதமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

எம்எம்ஏவில் மிகச்சிறந்த ஜியு-ஜிட்சுக்காரர் இவர்தானா?

எண்ணிக்கையைப் பார்த்தால் சார்ல்ஸ் ஒலிவேரா. யூஎஃப்சியில் பிடி போட்டு அதிகம் வென்றவர் அவரே. பட்டத்தைப் பார்த்தால் நோகேய்ரா, வெர்டும் இருவரும் ஹெவிவெயிட்டில் வாங்கியவர்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் அடியையும் பிடியையும் கலந்து சமைத்தவர்கள். பிடியை மட்டுமே நம்பி, அதுவும் எல்லோரும் அதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்ட காலத்தில், 40 வயதுவரை முதல் வரிசையில் இருந்தது மாயாதான். என் ஓட்டு அவருக்கு.

இதுவரை பார்த்ததில்லை. முதலில் எந்தச் சண்டையைப் பார்ப்பது?

காண்டிட் சண்டையைப் பலரும் சொல்வார்கள், சின்னதாக இருப்பதால். நான் மேட் பிரவுன் சண்டையைச் சொல்வேன். 2016 மே, குரிட்டிபா, கால்பந்து மைதானத்தில் 45 ஆயிரம் பேர். மாயா சீக்கிரமே முதுகில் ஏறிவிடுவார், ஆனால் பிரவுன் லேசில் விடமாட்டார். மாயாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தாடையைப் புதைத்துக்கொண்டு இரண்டு சுற்றைக் கடத்திவிடுவார். மூன்றாவதிலும் அதே கதை. புள்ளியில் மாயா ஜெயிப்பது நிச்சயம், சும்மா ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும். அப்போதும் அந்த வலது கையும் இடது கையும் பிரவுனின் விரல்களோடு என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். பிரவுன் தட்டும்போது கடிகாரத்தில் 29 நொடி மிச்சம் இருக்கும்.